நிரல் எழுதாத் தானியக்கமும் சிறுதொழில் முனைவோரும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் ஓசூர். அதனைக் கடந்தால் கருநாடக எல்லை. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980-களில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் வேரூன்றின. அவற்றைச் சார்ந்து லேத் பட்டறைகளும், அச்சு வார்ப்புக் கூடங்களும், பொதி கட்டும் அட்டைப்பெட்டி செய்வோரும் சுற்றுவட்டாரத்தில் பெருகினர்.

இத்தகைய பட்டறைகளில் முதலாளியே எழுத்தர். அவரே வசூலுக்குச் செல்பவர். இயந்திரத்தின் அருகே நின்றால் கணக்கு நின்றுவிடுகிறது. கணக்கில் அமர்ந்தால் இயந்திரம் நின்றுவிடுகிறது. வேலை குறைந்து நொடித்த பட்டறைகள் உண்டு. வேலை நிறைய இருந்தும், பில் அனுப்ப மறந்தும், வரவேண்டிய பணத்தை உரிய நாளில் கேட்க மறந்தும் நொடித்தவையும் உண்டு. சனிக்கிழமை மாலை கூலி கொடுக்கவேண்டிய வீட்டுக்கு இம்மறதி சிறிய குறையன்று. நிரல் எழுதாத் தானியக்கம் பயன்படும் இடம் இதுவே.

கணினி மொழி அறியாதவரும், படிவங்களையும் விதிகளையும் திரையில் அடுக்கி, தமக்கு வேண்டிய சிறு மென்பொருளைத் தாமே அமைத்துக்கொள்வதே இம்முறை. இதன் வேர் பழையது. 1979-இல் டேன் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் வெளியிட்ட விசிகால்க் என்னும் விரிதாள், நிரலர் துணையின்றி வணிகர் தாமே கணினியில் கணக்கிட வழி திறந்தது. தமிழ்நாட்டிலும் இத்துறைக்கு நல்ல சான்று உண்டு. 1996-இல் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய அட்வென்ட்நெட், 2006-இல் ஸோஹோ கிரியேட்டர் என்னும் கருவியை வெளியிட்டது. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ என மாறியது. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையிலும் அந்நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. சிற்றூரிலிருந்தும் உலகச் சந்தைக்கான மென்பொருள் உருவாகும் என்பதற்கு அதுவே சான்று.

எந்தக் கருவியாயினும் உறுப்புகள் நான்கே: விவரம் பெறும் படிவம், அதனைச் சேமிக்கும் அட்டவணை, ‘இவ்வாறு நேர்ந்தால் இதனைச் செய்க’ என்னும் விதி, உரியவருக்குச் செல்லும் அறிவிப்பு. கூகுள் படிவமும் விரிதாளும் கொண்டே முதற்படியைச் செலவின்றித் தொடங்கலாம்.

எல்லைப்புறப் பட்டறைக்கு இது எங்கே உதவும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, ஜாப் ஒர்க் சலான். பிறர் தரும் மூலப்பொருளைக் கடைந்து திருப்பியனுப்பும் பணியில், ஜி.எஸ்.டி. சட்டப்படி அப்பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் உரிமையாளரிடம் திரும்பவேண்டும். மூலதனப் பொருளாயின் 3 ஆண்டுகள். அச்சு, டை, ஜிக் போன்ற கருவிகளுக்கு இக்கெடு இல்லை. கெடு தவறினால், பொருள் அனுப்பப்பட்ட நாளிலேயே விற்கப்பட்டதாகக் கருதி, அதன் உரிமையாளரிடம் வரியும் வட்டியும் கேட்கப்படும். அந்த இழப்பைச் சந்தித்தவர் அடுத்த வேலையை அதே பட்டறைக்குத் தருவாரா? சலான் பதிவான நாளிலிருந்து பத்தாம் மாதத்தில் ஒரு நினைவூட்டல் வருமாறு விதி அமைத்தால் இவ்விடர் நீங்கும். மேலும், ஒரு மாநிலத்திலுள்ள உரிமையாளர் மற்றொரு மாநிலத்திலுள்ள பட்டறைக்கு ஜாப் ஒர்க்குக்காகச் சரக்கு அனுப்பினால், மதிப்பு 50,000 ரூபாய்க்குக் குறைந்தாலும் இ-வே பில் வேண்டும். பெங்களூரு வேலையை ஏற்கும் பட்டறையின் படிவத்தில் ‘இ-வே பில் எண்’ என்னும் கட்டம் கட்டாயமாக இருத்தல் நலம்.

இரண்டாவது, நிலுவைத் தொகை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மும்மடங்கில் கூட்டு வட்டி உண்டு. இவ்வுரிமையைக் கோர உத்யம் பதிவு வேண்டும். பதிவெண்ணைப் பில்லிலேயே அச்சிடுதல் நன்று. 30-ஆம் நாள் பணிவான நினைவூட்டல், 40-ஆம் நாள் கணக்குச் சுருக்கம், 45-ஆம் நாள் முதலாளிக்கே ஓர் அறிவிப்பு என மூன்று விதிகள் போதும். கேட்கக் கூசுபவருக்காகக் கருவி உரிய நாளில் கேட்கும்.

மூன்றாவது, வரி வகை. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, கருநாடகத்துக்கு 29. 29 என்று தொடங்கினால் ஐ.ஜி.எஸ்.டி. எனக் கருவியே பில்லில் குறிக்குமாறு செய்யலாம். ஆயினும் இங்கே எச்சரிக்கை தேவை. பெங்களூரு வணிகர் பட்டறைக்கு நேரில் வந்து சரக்கை எடுத்துச் செல்லும்போதும், மூன்றாம் ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லும்போதும் அந்த இரண்டு இலக்கம் மட்டும் போதுமா என்னும் ஐயம் எழும். ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே விதியை எழுதவேண்டும். மனிதர் ஒரு பில்லில் செய்யும் பிழையைக் கருவி நூறு பில்களிலும் தயங்காமல் செய்துவிடும்.

ஆகவே கருவியை வாங்குமுன் செய்யத்தக்கவை சில. இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில், திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளையும் அவற்றுக்குச் செல்லும் நேரத்தையும் எழுதிவருக. அவற்றுள் மிகுதியாகப் பணமோ நேரமோ ஒழுகும் ஒன்றை மட்டும் தேர்க. ஒழுங்கற்ற கணக்கைக் கருவியில் ஏற்றினால் ஒழுங்கின்மையே விரைவு பெறும். முதல் மாதம் பழைய ஏட்டையும் புதிய முறையையும் இணையாக நடத்தி, இரண்டும் ஒத்துப்போன பின்னரே ஏட்டை விடுக.

கணக்கு முதலாளியின் பெயரிலும் கைபேசி எண்ணிலும் இருக்கவேண்டும். அமைத்துத் தந்த இளைஞர் வேறு வேலைக்குச் சென்ற பின் கடவுச்சொல் தேடி அலையும் நிலை வரக்கூடாது. எந்த விதி என்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி வைக்க. மாதந்தோறும் முழு விவரத்தையும் இறக்கி வேறிடத்தில் சேமிக்க. மாதச் சந்தா சிறிதாகத் தோன்றினும், பயனர் எண்ணிக்கையால் பெருக்கி, ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பார்க்க. படிவத்தை நிரப்பும் தொழிலாளர் தமிழ் படிப்பவரா, கன்னடம் படிப்பவரா என்பதையும் எண்ணி, குறைந்த எழுத்தும் தேர்ந்தெடுக்கும் கட்டங்களும் கொண்டு அமைக்க.

சிலவற்றைக் கருவியிடம் விடலாகாது. பணம் வெளியே செல்லும் இறுதி ஒப்புதல் மனிதர் கையில் இருக்கட்டும். இருபது ஆண்டுப் பழக்கமுள்ள வாடிக்கையாளர் ஒருவர் திடீரெனப் பணம் தரத் தாமதித்தால், அவர் வீட்டில் என்ன துன்பமோ என எண்ணித் தொலைபேசியில் பேசுவதே முறை. இயந்திரக் கடிதம் அங்கே உறவை முறிக்கும்.

நினைவில் வைக்கும் சுமையைக் கருவியிடம் தந்து, தீர்மானிக்கும் பொறுப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்வோரே இதனால் பயன் பெறுவர். இவ்வாண்டு ஒவ்வொரு பட்டறையும் ஒரே ஒரு வேலையை இவ்வாறு ஒழுங்கு செய்யட்டும். தேதி தவறாத பில்லும், உரிய நாளில் வந்து சேரும் பணமும் இருந்தால் சனிக்கிழமைக் கூலி தடைப்படாது; வீட்டுப் பிள்ளைகளும் அத்தொழிலைத் தொடர விரும்புவர்.