வெளுக்காத முகம்



நினைவுக் கூட்டம் என்றால் மேடையில் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். இன்று படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இறந்தவரின் சிறிய புகைப்படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தால், நாம் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கித் தரும் ஸ்டுடியோக்கள் நம் ஊர்களில் உண்டு. தழும்பு போய்விடும். வெயிலில் காய்ந்த நெற்றி பளபளக்கும். எந்த நிறத்துக்காக ஒருவர் வாழ்நாளெல்லாம் இழிவுபடுத்தப்பட்டாரோ, அந்த நிறத்தை அழித்துவிட்டு அவரைச் சுவரில் மாட்டுகிறோம். நம் முகங்களை நாமே வரைய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எண்ணெய் வண்ணத்தில் எக்ஸ்பிரஷனிச உருவப்படம் பழகுவது அதற்கு நல்ல வழி.

1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் ‘பாலம்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கு ஓவியன் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார்கள். கன்னம் பச்சையாகலாம், நெற்றி நீலமாகலாம்.

ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஹாயிம் சூட்டின். 1893இல், இன்றைய பெலாரஸின் மின்ஸ்க் நகருக்கு அருகே, பழந்துணி தைக்கும் ஏழை யூதரின் மகனாகப் பிறந்தவர். பாரிஸ் போய் வறுமையில் கிடந்து வரைந்தவர். உருவப்படம் என்பது நெடுங்காலம் அரசர்களும் செல்வர்களும் காசு கொடுத்து வரையச் சொன்னது. சூட்டின் 1920களில் யாரை உட்கார வைத்தார்? கேக் செய்யும் பையனை, ஓட்டல் எடுபிடியை, பணிப்பெண்ணை. பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் அந்த கேக் கடைப் பையன்களில் ஒருவன் இருக்கிறான். கையில் சிவப்புக் கைக்குட்டை. முகம் கோணல், காது பெரிது. ஆனாலும் அரியணையில் இருப்பவனைப் போலப் படத்தை நிறைத்து உட்கார்ந்திருக்கிறான்.

கோணல் என்றால் கேலிதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கருத்த முகத்தைக் காட்டிச் சிரிக்கவைத்த சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஜெர்மனியிலும் 1928இல் ஷுல்ட்ஸ-நவும்பர்க் என்பவர் இத்தகைய ஓவியங்களை நோயுற்றோரின் புகைப்படங்களுக்கு அருகில் அச்சிட்டு, இவை இனச்சீரழிவு என்று எழுதினார். 1937இல் நாஜிகள் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று கண்காட்சி வைத்து ஏளனம் செய்தார்கள். சூட்டின், நாஜிகள் பிடித்த பிரான்சில் ஒளிந்து வாழ்ந்து, வயிற்றுப் புண் முற்றி 1943இல் இறந்தார். மேலே நின்று பார்ப்பவன் ஒரு முகத்தைக் கோணலாக்குவது அதை விலக்கிவைக்க. எதிரில் உட்கார்ந்து பார்ப்பவன் கோணலாக்குவது, அந்த முகம் எதைச் சுமந்தது என்று காட்ட. இந்த வேறுபாட்டைக் கற்பதே இந்தக் கலையின் முதல் பாடம்.

இனி கைப்பாடம். கான்வாஸை வெள்ளையாக விடாதீர்கள். பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசித் துணியால் துடையுங்கள். வெள்ளைக்கு அருகில் வைத்தால் எந்த மாநிறமும் அளவுக்கு மீறிக் கருப்பாகத் தெரியும். பழுப்புக்கு அருகில்தான் அதன் உண்மையான அளவு புரியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து நிழலின் பெரிய வடிவங்களை முதலில் போடுங்கள். கருத்த தோலுக்குக் கருப்பு ட்யூபைத் தேடாதீர்கள். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் உயிருள்ள கருமை வரும். வெளிச்சம் படும் இடத்தில் நம் தோல் வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். அங்கே வெறும் வெள்ளையை அப்பினால் சுண்ணாம்பாகிவிடும். அடியில் மெல்லிய பூச்சு, மேலே போகப்போக லின்சீட் எண்ணெய் கூடுதல். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிக்கும். எண்ணெய் வண்ணம் காய நாட்களாகும். சரியாக வராததைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடியும் பார்க்கலாம்.

எதை மிகைப்படுத்துவது? துயரத்தை மட்டும் வேண்டாம், தோழர்களே. அழும் தலித் முகத்தை வாங்கி மாட்ட ஆட்கள் உண்டு. நம்மவரின் கர்வத்தையும் குறும்பையும் கோபத்தையும் பெரிதாக்குங்கள். உங்கள் தெருவில் ஒருவரிடம் போய், ஒரு மணி நேரம் எதிரில் உட்காருங்கள் என்று கேளுங்கள். வேலை வாங்குவதற்காக இல்லாமல் ஒருவர் தன்னை அவ்வளவு நேரம் பார்ப்பது அவருக்குப் புதிதாக இருக்கும். வரையத் தொடங்குங்கள்.