பொத்தி வைத்தால் முளைக்குமா?

(தலைப்பு: புதுத் தொழில் தொடங்குகிறவருக்குப் பாதுகாப்பு – யோசனையைப் பொத்தி வைப்பதா? பதிந்து வைப்பதா? ‘பதிந்து வைப்பதே’ அணியில் பேசியது.)



எனக்கு முன்னால பேசின ஐயா, “ஒரு தொழில் யோசனை வந்தா பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதே” என்று முழங்கினார். சொல்லாம எப்படிங்க? முதல் போடுறதுக்கு அந்த அம்மா கழுத்துச் சங்கிலியைத்தானே கேட்கப் போறீங்க! (சிரிப்பு) பேங்க் மேனேஜர்கிட்ட போய், “சார், அஞ்சு லட்சம் கடன் வேணும், எதுக்குன்னு மட்டும் கேட்காதீங்க”ன்னு சொன்னா கொடுப்பாரா? (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா கோகோ கோலாவை உதாரணம் காட்டினார். 1886-இல் பிறந்த பானம், அதன் பக்குவம் இன்றைக்கும் கம்பெனியின் ரகசியம். 1977-இல் வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னபோது இந்தியாவை விட்டே போய்விட்டார்கள், 1993-இல்தான் திரும்பி வந்தார்கள். உண்மை. நான் மறுக்கல. ஆனா நடுவர் அவர்களே, பக்குவத்தைப் பொத்தி வச்சவங்க, பேரைப் பொத்தி வச்சாங்களா? பேரை நாடு நாடாப் பதிஞ்சு, சுவருக்குச் சுவர் எழுதி வச்சிருக்காங்களே! ஐயா பாதிக் கதையைச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

இன்னொண்ணு. அது குடிக்கிற பொருள். பாட்டிலைத் திறந்தா பானம் வரும், அளவு வராது. எங்க அம்மா ரசப்பொடி மாதிரி. முப்பது வருஷமா ருசிக்கிறோம், மிளகு எத்தனை, துவரை எத்தனைன்னு எங்க அண்ணிக்கு இன்னும் தெரியாது. (சிரிப்பு) ஆனா கோயம்புத்தூர்ப் பட்டறையில ஒரு பையன் வெங்காயத் தோல் உரிக்கிற மெஷின் செய்யறான்னு வச்சுக்குங்க. அதை எப்படிப் பொத்தி வைப்பான்? விற்கணுமே! ஒருத்தன் காசு கொடுத்து வாங்கிட்டுப் போவான், நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவான், மறு மாசம் பக்கத்துத் தெருவுல அதே மெஷின் ஐநூறு ரூபாய் குறைச்சலா நிக்கும்.

அந்தப் பையனுக்குத்தான் காப்புரிமை. இந்தியாவில் 20 வருஷம். ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு, இதைத் தயவுசெய்து பெற்றோர்கள் கேட்டுக்கணும். மெஷினைச் செஞ்ச சந்தோஷத்துல முதல்ல ஊரைக் கூட்டிக் காட்டி, பத்திரிகையில படமும் போட்டுட்டு, அப்புறமா கிண்டியில இருக்கிற காப்புரிமை அலுவலகத்துக்குப் போனா, “இதுதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே, இதுல புதுசு என்ன?” என்பார்கள். மத்திய அரசு அதற்கென்று அறிவித்த கண்காட்சி என்றால் 12 மாதம் சலுகை உண்டு. எல்லாக் கண்காட்சிக்கும் கிடையாது. அதனால முதல்ல மனு, அப்புறம் மாலை மரியாதை.

“ஐயோ, மெஷின் இன்னும் முழுசா முடியலையே”ன்னு கேட்பீங்க. அதுக்கும் வழி வச்சிருக்கான். தற்காலிக விவரக் குறிப்பு என்று ஒன்று கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்க வேண்டும். தவறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். தனி ஆளுக்கு ஆன்லைனில் மனுக் கட்டணம் 1,600 ரூபாய். அப்புறம் பரிசோதனை, புதுப்பிப்பு, வக்கீல் என்று செலவு இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா முதல் படி நாம பயப்படுற அளவுக்கு உயரம் இல்லை.

தேதி அவ்வளவு முக்கியமா? 1876, பிப்ரவரி 14. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு டெலிபோனைப் பற்றி ஒரே நாளில் இரண்டு பேரிடமிருந்து காகிதம் போகுது. ஒருவர் கிரஹாம் பெல், இன்னொருவர் எலிஷா கிரே. பெல் பேரை மூணாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கிரே பேரை இந்த அரங்கத்துல எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? (கைதட்டல்) உனக்கு வந்த யோசனை உனக்கு மட்டும்தான் வரும்னு பிரம்மா எழுதிக் கொடுக்கலையே!

சில பேர் ஒரு தந்திரம் சொல்வாங்க. யோசனையை எழுதி, தனக்குத்தானே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பி, உறையைப் பிரிக்காம பீரோவுல வச்சுக்கிறது. அது தபால்காரருக்கு ஒரு நடை, அவ்வளவுதான். அதனால காப்புரிமை கிடைக்காது.

வெறும் யோசனைக்குச் சட்டத்துல வேலியே இல்லைங்க. 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்று நாடகம் எழுதினார். 1956-இல் வந்த ‘நியூ டெல்லி’ படம் தன் நாடகத்தின் நகல் என்று வழக்குப் போட்டார். தோற்றார். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம். எதிரணி நண்பர்கள் ராத்திரி பகலா எதைப் பொத்திக்கிட்டிருக்காங்களோ, அது அந்தக் கருத்தைத்தான்!

நம்ம கடலூருக்கு வாங்க. ஷாம்பு என்றால் பெரிய பாட்டில், பணக்கார வீட்டுச் சாமான் என்று இருந்த காலத்தில், சின்ன பாக்கெட்டில் அடைக்கலாம் என்று யோசித்தவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கொண்டு வந்தார். பாக்கெட் யோசனையைப் பெரிய கம்பெனிகள் எல்லாம் எடுத்துக்கொண்டன. தடுக்க முடிஞ்சதா? ஆனா அவர் என்ன செய்தார் தெரியுமா? எந்தக் கம்பெனி காலிப் பாக்கெட்டானாலும் சரி, அஞ்சு கொண்டு வா, ஒரு சிக் பாக்கெட் இனாம் என்றார். பேர் மனசுல பதிஞ்சதும், இனிமே சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். பாக்கெட்டை யார் வேணும்னாலும் ஒட்டலாம், அந்தப் பேரை ஒட்ட முடியாதே!

எங்க தெருவுல ஒரு அக்கா. வீட்டுக்காரர் வேலை போனப்புறம், சத்துமாவு அரைச்சு விற்றே ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சவங்க. நாலாவது வருஷம் அதே பேர், அதே மஞ்சள் அட்டையோட இன்னொருத்தர் மாவு கடையில நிக்குது. கடைக்காரர் கேட்கிறார், “ஏம்மா, விலையைக் குறைச்சிட்டீங்களா?” அக்கா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. வக்கீல் கேட்ட முதல் கேள்வி, “பேரைப் பதிஞ்சீங்களா?” இல்லை. “சரி, முதல்ல யார் வித்தது, அதுக்குக் காகிதம் இருக்கா?” பதியாவிட்டாலும் முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனா நிரூபிக்கணும். மூணு வாரம் பரண் மேல தேடினாங்க. லேபிள் அச்சடிச்ச பிரஸ்ஸின் பில், தேதியோட, எலி கடிச்சது போக மிச்சம் கிடைச்சது. நோட்டீஸ் போனது, அந்த ஆள் பேரை மாத்திக்கிட்டார். மறுவாரமே அக்கா வணிகச் சின்னத்துக்கு மனுப் போட்டாங்க. தனி ஆளுக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷம், அப்புறம் புதுப்பிக்கலாம்.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சிட்டார், ஒரே நிமிஷம். “வேலைக்காரன்கிட்ட எழுதி வாங்கிக்கோ, நம்மளை விட்டுப் போனா அதே தொழிலுக்கே போகக் கூடாதுன்னு” என்றார் எதிரணித் தங்கை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவைப் புரட்டிப் பாரும்மா. வேலையை விட்டுப் போனவன் பிழைப்பை அப்படித் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. அவன் நம்ம ரகசியத்தை எடுத்துட்டுப் போகாதபடி வேணும்னா எழுதி வாங்கலாம். ஆகா, எழுதி வாங்கணும்னு சொன்ன அந்த நிமிஷமே தங்கை எங்க அணிக்கு வந்தாச்சு! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

அடுத்து ‘பொத்தி வைப்பதே’ என்று பேச வருகிற அண்ணன், அந்த எலி கடிச்ச பில்லுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும் நடுவர் அவர்களே.