பழைய கோட்டும் பனிக்கால நடையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுக்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். நிலம், அதிகாரம், இடஒதுக்கீடு என்றெல்லாம் முன்பு இதே மேடையில் பேசியிருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய கோட்டை. பிளாட்பாரத்தில் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நடந்துவிட்டு வருவதைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஐயா இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

'நாங்கள்' என்பது இந்த மன்றத்தின் வாசிப்பு வட்டம். ஒரு செவிலியர், ஒரு பேருந்து நடத்துநர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், மீதிப் பேர் கல்லூரி மாணவர்கள். இந்த உரையை ஒன்றாக உட்கார்ந்து எழுதினோம். சண்டை போட்டும் எழுதினோம். அந்தச் சண்டையும் இதில் வரும்.

ஆண்டுதோறும் டிசம்பர் முதல் வாரத்தில் உதகைக்குப் போகிறோம். காரணம் ஐயா சொன்னது. அயோத்திதாசப் பண்டிதர் இளமையைக் கழித்த மலை அது. திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டியதும் நீலகிரியில்தான், 1891 டிசம்பர் 1 அன்று. இரட்டைமலை சீனிவாசன் ஐரோப்பியர் நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்ததும் அங்கேதான். "நம்ம பிள்ளைங்க ஊட்டிக்குப் போறாங்க, படகுல போறாங்க, வர்க்கி வாங்கிட்டு வர்றாங்க. மாநாடு நடந்த மலைன்னு ஒருத்தருக்கும் தெரியல" என்பார் ஐயா. அதனால் டிசம்பர் 1-க்கும் அம்பேத்கர் நினைவு நாளான 6-க்கும் இடையில் ஒரு நாளைப் பிடித்து, தொட்டபெட்டா சாலையில் விடியற்காலையில் நடப்போம். 2,637 மீட்டர் உயரம். புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடக்கும் காலம். சோலை ஓரமாக, பறவை பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு நடப்பது. நோக்கம் அவ்வளவுதான்.

நோக்கம் சின்னதாக இருந்தாலும் குளிர் சின்னதாக இல்லை. எங்களில் பலரும் வட மாவட்டத்துச் சமவெளிக்காரர்கள்; ஸ்வெட்டர் என்பது வீட்டில் கைக்குழந்தைக்கு மட்டும் இருக்கும் பொருள். எனவே நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போவோம். பழைய இரும்பு, பழைய மின்விசிறி, பழைய தையல் இயந்திரம் எல்லாம் தாண்டிப் போனால் தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கும் குளிர்காலத் துணிகள். குவியலுக்குள் கை விட்டுக் கிளற வேண்டும். போன ஆண்டு எங்கள் செவிலியர் தோழருக்குக் கிடைத்தது முழங்கால் வரை நீண்ட சிவப்பு ஓவர்கோட்டு. கழுத்துப் பட்டியில் கொரிய எழுத்து. "கப்பல்ல வந்த மாலுக்கா" என்றார் கடைக்காரர். முந்நூறு சொன்னதை நூற்றெழுபதுக்கு முடித்தோம். நடத்துநர் தோழருக்கு முழங்கையில் தோல் வைத்துத் தைத்த பழுப்பு நிறக் கோட்டு; அதைப் போட்டதும் நடையே மாறிவிட்டது, பேராசிரியர்போல் பின்னால் கை கட்டிக்கொண்டார். மாணவர் ஒருவர் மணிபர்ஸ் பார்க்காமல் மூன்று மஃப்ளர் எடுத்தார். துவைத்து, நாப்தலின் வாடை போக மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டு, பொத்தான் மாற்றி, இஸ்திரி போட்டோம். இதில் ஒரு திருவிழாச் சந்தோஷம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் சண்டை வந்தது. எங்கள் வட்டத்தில் இளையவர், முதுகலை படிக்கும் ஒரு தோழி, "நான் போட மாட்டேன்" என்றார். சாயம் போன தன்னுடைய மெல்லிய ஸ்வெட்டரே போதும் என்றார். குளிரில் நடுங்குவாய் என்று சொல்லிப் பார்த்தோம். அப்போது அவர் தன் ஆயாவைப் பற்றிச் சொன்னார்.

ஆயா ஊருக்குள் ஒரு பெரிய வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டியவர். பொங்கலுக்கு முன்பு அந்த வீட்டம்மா பின்வாசலில் நின்று ஒரு பழைய புடவையைப் போடுவார். கையில் கொடுப்பதில்லை, போடுவார், ஆயா முந்தியை விரித்துப் பிடிக்க வேண்டும். வேலை அதோடு முடிவதில்லை. மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு போகாவிட்டால், "ஏண்டி, நான் குடுத்தது ஆவலையா?" என்று கேள்வி வரும். கொஞ்சம் மடிப்பெடுத்து நன்றாகக் கட்டிப் போனால், "எம் பொடவ உனக்கு என்னமா எடுப்பா இருக்குது" என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆயா புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் சொருகிக்கொள்வாராம். "அடுத்தவங்க உடம்புல இருந்து எறங்குன துணியப் போடக் கூடாதுன்னுதான் எங்கம்மா எனக்கு வருஷத்துக்கு ரெண்டு புதுத்துணி எடுத்தாங்க. நீங்க அதையே ஃபேஷன்னு சொல்றீங்க" என்றார் அந்தத் தோழி. அன்று இரவு எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் சொன்னது ஒரு குடும்பத்துக் கதை மட்டும் இல்லை, எழுதி வைத்த சட்டம். மனுநூல் பத்தாம் அத்தியாயம் 52-ஆம் சுலோகம் சண்டாளருக்குப் பிணத்தின் துணியை உடையாக வைக்கிறது. அதே அத்தியாயத்தின் 125-ஆம் சுலோகம் சூத்திரருக்கு எச்சில் சோற்றோடு பழைய உடுப்பையும் ஒதுக்குகிறது. அதாவது, செகண்ட் ஹேண்ட் உடை நமக்குச் சந்தையில் அறிமுகமானது இல்லை. அது நம்மேல் கடமையாகப் போர்த்தப்பட்டது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அந்த நூலை எரித்தார்கள். அந்த மாநாட்டையொட்டிப் பெண்களிடம் பேசிய பாபாசாகேப், எதைக் கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதைப் பற்றியே விரிவாகப் பேசினார். தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டை விட்டுவிடச் சொன்னார். துணி கிழிந்திருக்கலாம், அழுக்காக இருக்கக் கூடாது என்றார்.

நம் பக்கத்திலும் ஒரு டிசம்பர் உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். மானிடவியலாளர் ஹட்டன் தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றாக ஆனது.

உதகைக்குக் கிளம்பும்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போடுவோம்: கோட்டு, உள்ளே போட பனியன், முழுக்கால் சட்டை, ஷூ, குடை. இந்த ஆண்டு அந்தப் பட்டியலையும் ராமநாதபுரத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு மனிதர் குளிரிலும் மழையிலும் வெளியே நடந்துவிட்டு வர என்னவெல்லாம் வேண்டுமோ, அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அவர்கள் தடுத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தோம். அதே 1930 டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகள் இரண்டு பேர்: அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். சீனிவாசனுக்கு அப்போது எழுபது வயது கடந்துவிட்டது. லண்டன் குளிரில் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் அந்த அவையில் உட்கார்ந்திருந்த மாதத்தில்தான், இங்கே அவருடைய மக்கள் கோட்டுப் போடக் கூடாது என்ற கட்டளை பிறந்தது. பாடப்புத்தகத்தில் இவை இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, அந்தத் தோழியின் கேள்வி கனமாகிறதே ஒழிய லேசாவதில்லை. எங்களால் சொல்ல முடிந்தது இதுதான். ஆயாவுக்கு வந்த புடவையோடு அதன் சொந்தக்காரியும் வந்தார். அவர் கண் அந்தத் துணியின் மேலேயே இருந்தது. பல்லாவரத்தில் வாங்கிய சிவப்புக் கோட்டுக்குச் சொந்தக்காரர் கொரியாவில் எங்கோ இருக்கிறார்; அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை, அவர் முன்னால் முழங்காலுக்கு ஏற்றிச் சொருக வேண்டியதும் இல்லை. பேரம் பேசினோம், காசு கொடுத்தோம், பிடிக்காததைக் குவியலிலேயே விட்டோம். வேண்டாம் என்று சொல்ல முடிந்த இடத்தில்தான் துணி உடையாகிறது என்று நடத்துநர் தோழர் சொன்னார். தோழி அதை முழுதாக ஏற்கவில்லை. "சந்தையில சாதி இல்லன்னு சொல்ல வர்றீங்களா?" என்று கேட்டார்.

சந்தையில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தோம். அரியானாவின் பானிப்பட்டுக்கு மேலை நாடுகளின் பழைய கம்பளித் துணிகள் மலைமலையாக வருகின்றன. போட முடியாதபடி அவற்றை வெட்டி, ஜிப்பும் பொத்தானும் அறுத்து, நிறம் வாரியாகப் பிரித்து, நாராக்கி, நூலாக்கி, போர்வை நெய்கிறார்கள். வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் ஒரு காலத்தில் நிவாரணமாகக் கொடுக்கப்பட்ட மலிவான போர்வைகளில் பெரும்பகுதி இப்படி வந்தவை. மேக்னா குப்தா 2012-இல் எடுத்த ஆவணப்படம் ஒன்றில், வெட்டுகிற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: இவ்வளவு நல்ல துணியை ஏன் எறிகிறார்கள்? அந்த நாட்டில் தண்ணீர் விலை அதிகம்போல, துவைக்கக் கட்டுப்படியாகவில்லைபோல. நாங்கள் அந்தப் பகுதியை இரண்டு முறை பார்த்தோம். கானா நாட்டில் இப்படி வரும் துணிக்கு, செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். எவரும் செத்திருக்காவிட்டால் இவ்வளவு நல்ல துணி வருமா என்பது அவர்கள் நினைப்பு. பிணத்துணி பற்றிய சுலோகத்தைப் படித்துவிட்டு இதைப் படித்தால் எங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். பழைய துணி நமக்குப் போடப்பட்டது என்று மட்டும் பேசி முடித்துவிடக் கூடாது. நாமும் போட்டிருக்கிறோம். சேரியின் அழுக்குத் துணியை, தீட்டுத் துணியை, சாவுத் துணியைத் துவைத்த புதிரை வண்ணார் குடும்பங்களை நம் தெருக்கள் எப்படி நடத்தின? இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது நம்மிலேயே பலர் கோபப்பட்டார்கள். ஆரோக்கியம் படி வாங்க நின்ற வாசல்கள் நம்முடைய வாசல்கள். ஆயாவின் முந்தியைப் பற்றிப் பேசிய அன்று இரவே இதையும் பேசினோம். செவிலியர் தோழர் தன் வீட்டில் அப்படி வந்து நின்ற ஒரு பாட்டியை நினைவுகூர்ந்தார். அந்தப் பாட்டியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை, கடைசிவரை கேட்கவே இல்லையாம்.

விடிந்ததும் நடக்கப் போனோம். மூச்சு புகையாக வந்தது. தோழி தன் மெல்லிய ஸ்வெட்டரில் வந்தார், நடுங்கினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பறவை பார்க்கப் போகிறவர்கள் மங்கிய நிறத்தில் உடுத்த வேண்டும் என்பார்கள். செவிலியர் தோழரின் சிவப்புக் கோட்டு அரை கிலோமீட்டருக்குத் தெரிந்தது. "மங்கின கலருதான் உனக்கு எடுக்கும்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க. நான் கழட்ட மாட்டேன்" என்றார். பறவைகள் கொஞ்சம் தள்ளியே இருந்தன, ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் நீலகிரி சிரிப்பான்கள் புதருக்குள் கூட்டமாகச் சிரித்தன. காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்துக்கு இந்த மலைக்கு வருகிறது என்று படித்திருந்ததால் எல்லாக் கிளையையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. வரவில்லை.

எட்டு மணி இருக்கும். ஒரு ஜீப் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய ஆள் எங்கள் கோட்டுகளை மேலும் கீழும் பார்த்தார். "கேரட் மூட்டை ஏத்த ஆள் வேணும். எத்தனை பேரு இருக்கீங்க?" என்றார். கெட்ட எண்ணமாகக் கேட்கவில்லை. அந்த மலையில் பழைய கோட்டுப் போட்டுக்கொண்டு காலையில் சாலையில் நிற்கிற கறுத்த மனிதர்கள் கூலிக்கு நிற்கிறவர்கள்தான். நடத்துநர் தோழர், "நாங்க சும்மா நடக்க வந்தோம் சார்" என்றார். ஜீப்பில் இருந்தவருக்கு அது புரியவில்லை. "சும்மாவா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போனார்.

அமெரிக்காவில் டிரூ லான்ஹாம் என்ற கறுப்பினப் பறவையியலாளர் இருக்கிறார். கறுப்பர்கள் பறவை பார்க்கப் போவதற்கான ஒன்பது விதிகளை 2013-இல் எழுதினார், கசப்பான நகைச்சுவையோடு. அதில் ஒன்று உடை பற்றியது: தலையை மூடும் ஹூடி சட்டை போட்டுக்கொண்டு ஒருபோதும் போகாதே. அதற்கு முந்தைய ஆண்டுதான் டிரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயதுப் பையன் அப்படி ஒரு சட்டையில் நடந்து போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தான். காட்டுக்குள் எல்லாருக்கும் ஒரே குளிர்தான் அடிக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்குள் பார்க்கிற கண்கள்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

திரும்பும் வழியில் தேயிலைக்குப் போகும் பெண்கள் எதிரே வந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, அதற்கு மேல் பழைய ஸ்வெட்டர், இடுப்பில் சுற்றிய படங்கு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் பேத்திகள் அவர்களில் இருந்தார்கள். தோட்டத்துக் கம்பளி கடன்கணக்கில் ஏறிய காலத்தை அவர்கள் வீட்டுக் கிழவிகள் சொல்லக் கேட்டவர்கள். ஒரு அக்கா சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "எங்க எடுத்தீங்க? கனமா இருக்கு" என்றார். பல்லாவரம் என்றோம். விலையைக் கேட்டார். சொன்னதும், "ஏமாத்திட்டான். இங்க நூறுதான்" என்றார். எங்கள் தோழி அந்தக் காலையில் சிரித்தது அப்போதுதான். அவர் அந்த அக்காவோடு கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே திரும்பி நடந்தார். என்ன பேசினார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த ஆண்டும் போகிறோம். அந்தத் தோழியும் வருகிறார். எதைப் போட்டுக்கொண்டு வருவார் என்பது அவர் முடிவு. ஐயா கடைசியாகப் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டை அவர் வீட்டார் மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நூலக அறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வர விரும்பும் மாணவர்கள் போட்டு அளவு பார்த்துக்கொள்ளலாம். இடது பக்கப் பை உள்ளே கிழிந்திருக்கிறது; சில்லறையை அதில் போடாதீர்கள்.