கோழியின் இறகு ஏன் உதிர்கின்றது?

(கண்டிப் பகுதிக் கோழி வளர்ப்போர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கார்த்திகை மாதத்தில் வத்துகாமத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றேன். அவ்வீட்டு அம்மையார் ஒரு பேட்டுக் கோழியைக் கால் கட்டி வைத்திருந்தார். "இதற்கு ஏதோ நோய், ஐயா. கழுத்து மொட்டையாகிவிட்டது; முட்டையும் நின்றுவிட்டது. மாலையில் வியாபாரிக்குக் கொடுக்கப் போகிறேன்" என்றார். கோழியைத் தூக்கிப் பார்த்தேன். வெறுந்தோலில் புதிய இறகுக் குருத்துகள் ஊசிமுனைபோல் எழுந்திருந்தன. கட்டவிழ்க்கப்பட்ட அக்கோழி மாசியில் மீண்டும் முட்டையிட்டது.

ஆகையால், கோழியை விற்குமுன்னும் மருந்து தேடுமுன்னும், இறகு எவ்விடத்தில் உதிர்ந்துள்ளது என்பதைக் கவனியுங்கள்.

1. தலை, கழுத்தில் தொடங்கி மார்பு, உடல், சிறகு, வால் என முறையே உதிர்ந்தால் அது இயற்கையான இறகு மாற்றம். பெரும்பாலும் 15 முதல் 18 மாத வயதில் முதன்முறை நிகழும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் காலத்தில் கோழிகள் ஏறத்தாழ ஒருங்கே இறகு மாற்றும். கண்டியிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வேறுபாடும் இல்லை. ஆதலால் ஒரு கோழி மட்டும் இறகு மாற்றக் கண்டு அஞ்ச வேண்டாம். இறகில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு புரதம். முட்டையில்லையென்று தீனியைக் குறைப்பது பெருந்தவறு. தவிட்டுடன் தேங்காய்ப் புண்ணாக்கு, உப்பு நீங்கக் கழுவிய நெத்தலித் தலை, கறையான் ஆகியவற்றைக் கொடுங்கள். 8 முதல் 12 வாரங்களில் புது இறகு நிறையும்.

2. முதுகிலும் பின்தலையிலும் மட்டும் உதிர்ந்தால் சேவல் மிதிப்பதே காரணம். பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும்.

3. மார்பு மட்டும் வெறுமையாயின், அடைகாக்க விரும்பும் கோழி தானே பிடுங்கியிருக்கலாம்.

4. வாலடியில் இரத்தக் கசிவுடன் உதிர்ந்தால் மற்றக் கோழிகள் கொத்துகின்றன. காயப்பட்டதைப் பிரித்து வையுங்கள். கூட்டில் நெருக்கத்தைக் குறையுங்கள்.

5. குதத்தைச் சுற்றி உதிர்ந்து, இறகடியில் வெண்ணிற முட்டைகள் திரண்டிருந்தால் அது பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் நிலம் நனைந்துவிடுவதால் கோழிக்குப் புழுதிக் குளியல் கிடைப்பதில்லை. உலர்ந்த மண்ணும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்த பெட்டியொன்றைத் தாழ்வாரத்தில் வையுங்கள்.

இரத்தம் உறிஞ்சும் ஒருவகைச் சிற்றுண்ணியோ பகலில் கோழியின் மேல் இராது. கூட்டின் பிளவுகளில் ஒளிந்திருக்கும். இரவில், கோழி உறங்கும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புக் கறை படிந்தால் உண்ணி உண்டு. பழைய வைக்கோலை எரித்து, கழிகளுக்குக் கொதிநீர் ஊற்றுங்கள். முட்டைகள் தப்பிப் பொரிக்குமாதலால், ஒரு வாரம் கழித்து மீண்டும் அவ்வாறே செய்க.

மரக்கறித் தோட்டத்திற்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியைக் கோழிமேல் ஒருபோதும் பூசாதீர்கள். அந்நஞ்சு முட்டை வழியாக உங்கள் குழந்தைகளைச் சேரும். எம்மருந்தும் கால்நடை வைத்திய அதிகாரி கூறியபடியே இடப்படல் வேண்டும்.

கோழி சோர்ந்து, தீனியை வெறுத்து, மூச்சுத் திணறினால் தாமதியாது அவரிடம் செல்லுங்கள். மற்றெல்லாவற்றிற்கும் முதலில் வேண்டுவது உங்கள் கண்களும் சற்றுப் பொறுமையுமே.