வெங்காயம் யாருடையது? செய்தி யாருக்கு?

 

சுன்னாகத்தில் ஏற்றிய வெங்காயம் பேலியகொடைக்கு வந்து சேர ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடவேண்டும். புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தை அங்கே மாறியதை அறிவீர்கள். இரவில் லொறி எங்கே நிற்கிறது, படங்கை யார் தூக்குகிறார் என்பதை முன்பு எவர் கண்டார்? இன்று லொறியில் பொருத்தும் சிறு கருவியொன்று, நான்கு செய்மதிகளின் சைகைகளையேனும் பெற்றுத் தன் இடத்தைக் கணிக்கிறது. படத்தில் நாம் வரைந்த எல்லையை லொறி தாண்டினாலோ, குறியாத இடத்தில் நெடுநேரம் நின்றாலோ, கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கை வரும். வேலி அடைத்துப் பழகிய நமக்கு இது புதிதன்று, கதியால்தான் இல்லை!

ஆனால், வேலியை மிக நெருக்கி வரைந்தால் தேநீர்க் கடையில் நின்றாலும் கூக்குரல் எழும். நாளடைவில் எவரும் அதைப் பாரார். தொலைபேசிச் சைகை எட்டாக் காட்டில் செய்தி தாமதிக்கும். மேலும், கருவி லொறியைக் காட்டுமேயன்றி மூடையைக் காட்டாது. வழக்கமாக நிற்கும் இடத்திலேயே இரண்டு மூடை இறங்கினால் அது என் செய்யும்?

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. எச்சரிக்கை பெரும்பாலும் லொறி உரிமையாளருக்கே போகிறது, வெங்காயமோ கமக்காரருடையது. நட்டப்படுபவருக்கன்றோ செய்தி முதலிற் போகவேண்டும்? கூலி பேசும்பொழுதே அவருடைய தொலைபேசி எண்ணையும் சேர்க்கக் கேட்போம். மறுக்கும் லொறியில் மூடை ஏற்றோம் என்று கூட்டுறவுச் சங்கங்கள் ஒருமுகமாய்ச் சொல்லிவிட்டால், மறுக்க எத்தனை பேர் துணிவர்?