பழத்தில் இருக்கிற இனிப்பும் டம்ளரில் போடுகிற இனிப்பும்

(சூலூரில் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்கள் கூடிய கூட்டத்தில், ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை தொடங்கும் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, செய்தித் துறையில் எழுதுகிற வேலை. டாக்டர்களும் உணவியல் வல்லுநர்களும் சொல்வதை, அரசு வெளியிடுகிற வழிகாட்டிகளைப் படித்து, எல்லாருக்கும் புரிகிற தமிழில் எழுதிக் கொடுக்கிறோம். அதனால மாத்திரை, ஊசி பற்றியெல்லாம் நான் பேசப் போறதில்லை. ஒரே ஒரு குழப்பத்தைப் பற்றி மட்டும் பேசிட்டு உட்கார்ந்துடறேன்.

எங்க பெரியம்மா ஒருத்தங்க, இருபது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்த்தவங்க. சக்கரை இருக்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே வாழைப்பழத்தை விட்டாங்க, கொய்யாவை விட்டாங்க, வாசலில் காய்க்கிற பப்பாளியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டாங்க. "பழம் இனிப்புங்க கண்ணு, நமக்கு ஆகாது"ன்னாங்க. ஆனா ஒரு நாளைக்கு நாலு டீ நிற்கவே இல்லை. "அஸ்கா போடறதில்லை, நாட்டுச் சக்கரைதான் போடறேன்"னு அதற்கு ஒரு நியாயம் வேற. இந்தக் கூட்டத்திலேயே அப்படி நாலு பேர் இருப்பீங்க. சிரிக்கிறீங்களே, அப்ப இருக்கீங்க!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மட்டமா அள்ளின ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். டீக்கு ரெண்டு ஸ்பூன்னா நாலு டீக்கு எட்டு ஸ்பூன், 32 கிராம். பெரியம்மா பயந்து ஒதுக்கின கொய்யாவில், 100 கிராம் பழத்துக்குச் சுமார் 9 கிராம் சர்க்கரை; அதோட 5 கிராம் நார்ச்சத்து. ஒன்பதை விட்டுட்டு முப்பத்திரண்டை வெச்சுக்கிட்டாங்க. நார்ச்சத்தும் போச்சு. அப்புறம் மலச்சிக்கல்னு அதுக்குத் தனியா மாத்திரை.

இந்தக் குழப்பத்துக்கு நம்ம பேச்சும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. இனிப்புக்குப் போடறதும் சர்க்கரை, ரத்தத்தில் பார்க்கிறதும் சர்க்கரை, வந்த நோயும் சர்க்கரை. மூணுக்கும் ஒரே பேர். அப்புறம் பழத்திலும் சர்க்கரை இருக்குதுன்னா யாருக்குத்தான் பயம் வராது? நம்ம பக்கத்துப் பெரியவங்க இதைக் கொஞ்சம் பிரிச்சுத்தான் வெச்சிருந்தாங்க. சக்கரைன்னா நாட்டுச் சக்கரை. வெள்ளையா வர்றது அஸ்கா. அஸ்கா என்பது ஒரு ஊர்ப் பெயர். இன்றைய ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்குது. அந்தப் பகுதி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை வந்துருச்சு. அங்கிருந்து வந்த வெள்ளைச் சர்க்கரைக்கு ஊர்ப் பேரே நின்னுபோச்சு. பிறகு ரேஷனில் அரிசிக்குப் பதிலா கூடுதல் சர்க்கரை வாங்கிக்கிற 'சர்க்கரை அட்டை'ன்னே ஒரு அட்டை வந்தது. அந்த அளவுக்கு அது வீட்டுக்குள்ள வந்துட்டது.

சர்க்கரை எங்கிருந்து வருதுன்னு கேட்டால், கோயம்புத்தூர்க்காரங்க தூரமாப் போக வேண்டியதில்லை. மருதமலைப் பக்கம் வீரகேரளத்தில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்குது. 1912-இல் தொடங்கினது. நல்ல சாறுள்ள கரும்பையும், ஆற்றோரம் தானா முளைக்கிற காட்டு இனத்தையும் கலந்து, 1918-இல் 'கோ 205' என்ற ரகத்தை வெளியிட்டாங்க. வட இந்தியாவின் கரும்புச் சாகுபடியையே மாற்றின ரகம் அது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். நாட்டின் பல மாநிலங்களில் இன்னைக்கும் நம்ம ஊர்ப் பேரைச் சுமந்துக்கிட்டுத்தான் கரும்பு நிக்குது. அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும்.

அந்தக் கரும்பை வெச்சே விஷயத்தைச் சொல்லிடலாம். பொங்கலுக்குக் கரும்பைக் கடிச்சுத் தின்கிறோம். ஒரு கணு முடிக்கிறதுக்குள்ள தாடை வலிக்குது, வாய் புண்ணாகுது, போதும்னு வெச்சுடறோம். அதே கரும்பை மெஷினில் விட்டுப் பிழிஞ்சா, ஒரு முழுக் கரும்பு ரெண்டு நிமிஷத்தில் உள்ளே போயிடும். ஆலைக்குப் போனாலோ, ஒரு கிலோ சர்க்கரைக்குச் சுமார் 10 கிலோ கரும்பு வேணும். அப்படின்னா பெரியம்மாவோட 32 கிராம், 320 கிராம் கரும்பு. கடிச்சுத் தின்னச் சொன்னா மாட்டாங்க; டீயில் கரைச்சுக் கொடுத்தா அது போன இடமே தெரியாது. ஒரே செடி, ஒரே இனிப்பு. சக்கையோட இருக்கிறப்ப அது நம்மை நிறுத்துது. சக்கையை எடுத்துட்டா நிறுத்த ஆள் இல்லை.

பழமும் அப்படித்தானுங்க. பழத்தின் சர்க்கரை சின்னச் சின்ன அறைகளுக்குள்ள, நாருக்கும் தண்ணிக்கும் நடுவில் பூட்டிக் கிடக்குது. நாம மென்னு, வயிறு அரைச்சு, குடல் பிரிச்சு எடுக்க நேரம் ஆகுது. ரத்தத்தில் மெதுவா ஏறுது. 1977-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சோதனை முடிவு வந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுசா, மசிச்ச கூழா, சாறா மூணு விதமாக் கொடுத்தாங்க. மூணிலும் மாவுச்சத்து ஒரே அளவு, 60 கிராம். சாறு, முழுப் பழத்தைவிட 11 மடங்கு வேகமா உள்ளே போச்சு. வயிறு நிறைஞ்ச உணர்வு சாறில் குறைவு. இன்சுலினும் கூடுதலா சுரந்தது. யாரும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடச் சேர்க்கலைங்க. நாரை எடுத்ததுக்கே இவ்வளவு வித்தியாசம்.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கோடு போட்டது. முழுப் பழம், காய்கறி, பாலில் இயற்கையா இருக்கிற சர்க்கரை ஒரு பக்கம். நாம சேர்க்கிற எல்லா இனிப்பும், தேன், சர்க்கரைப் பாகு, பழச்சாறு எல்லாம் இன்னொரு பக்கம். அளவு சொன்னது இந்த இரண்டாவது பக்கத்துக்கு மட்டும்தான். ஒரு நாள் உணவின் சக்தியில் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 5 சதவீதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லது. ஐந்து சதவீதம்னா சராசரியா 25 கிராம், ஆறு டீஸ்பூன். பெரியம்மா அதை டீயிலேயே தாண்டிட்டாங்க. பிஸ்கட், வர்க்கி, பேக்கரி ஹனி கேக் எதையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கலை. அந்த ஹனி கேக்கில் தேன் எத்தனை சொட்டு, சர்க்கரைப் பாகு எத்தனை கரண்டின்னு பேக்கரி வெச்சிருக்கிறவங்க சொன்னாத்தான் உண்டு!

நாட்டுச் சக்கரையைப் பற்றிச் சொன்னா நம்ம ஊரில் சண்டைக்கு வருவாங்க. கவுந்தப்பாடிச் சக்கரை பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகுது. அதோட மணமும் ருசியும் அஸ்காவுக்கு வராது. நானும் ஒத்துக்கறேன். ஆனா உடம்புக் கணக்கில் அதுவும் பெரும்பகுதி சர்க்கரைதான். வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவும் விலக்கில்லை. இரும்புச்சத்து இருக்குதுன்னு சொல்றாங்க, இருக்குது. ஆனா ஒரு ஸ்பூனில் வர்றது ரொம்பச் சொற்பம். கீரையில் கிடைக்கிறதை வெல்லத்தில் தேட வேண்டாம். அஸ்காவுக்குப் பதிலா நாட்டுச் சக்கரைன்னா அதே அளவுக்குள்ளதான், கூடுதலா ரெண்டு ஸ்பூன் இல்லை. வாங்கும்போது பளபளன்னு மஞ்சளா இருக்கிற வெல்லத்தைப் பார்த்து மயங்காதீங்க. நிறத்துக்காக ரசாயனம் சேர்க்கிறதும், வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுறதும் சேலம் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறைச் சோதனைகளில் பிடிபட்டிருக்குது. சந்தேகம் இருந்தா 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோட புகார் அனுப்பலாம்.

அடுத்தது ஜூஸ். நோயாளியைப் பார்க்கப் போறோம், பேரன் பேத்தி வர்றாங்க, கையில் ஒரு ஜூஸ் பாக்கெட். அட்டையில் மாம்பழம் படம் இருக்கும். பழம்தானேன்னு நினைச்சுக்கறோம். 2024 ஜூனில், செறிவூட்டின சாறில் தண்ணி கலந்து அடைக்கிறவங்க '100 சதவீதம் பழச்சாறு'ன்னு போடக்கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. வீட்டில் பிழியறதும் முழுசாத் தப்பிக்க முடியாதுங்க. ஒரு டம்ளருக்கு மூணு நாலு ஆரஞ்சு போகுது. சக்கை குப்பைக்குப் போகுது. நாலு ஆரஞ்சை உரிச்சு ஒரே மூச்சில் தின்பீங்களா? கடையில் குடிச்சே ஆகணும்னா, 'சர்க்கரை போடாம'ன்னு பிழியறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பாகு ஊத்தினதுக்கப்புறம் சொல்லிப் பயனில்லை.

அப்ப சர்க்கரை நோய் இருக்கிறவங்க எவ்வளவு பழம் வேணும்னாலும் சாப்பிடலாமான்னு கேட்பீங்க. அப்படி இல்லைங்க. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, பொதுவா ஒரு நாளைக்கு 100 கிராம் பழம்னு சொல்லுது. ஒரு கொய்யா, இல்லைன்னா ஒரு சின்ன வாழைப்பழம், இல்லைன்னா ஒரு கிண்ணம் பப்பாளி. மூணும் சேர்த்து இல்லை. சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு மேலே பழம் வேண்டாம். ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவில் வெச்சுக்குங்க. மாம்பழம், பலா, சப்போட்டா ரொம்ப இனிப்பு. ரெண்டு மூணு துண்டோட நிறுத்திக்கணும். சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறவங்க மட்டும் வாழைப்பழம், இளநீர் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமத் தொட வேண்டாம். பொட்டாசியம் கூடிரும்.

இன்னொண்ணு, இது முக்கியமானது. ஊசியோ சில வகை மாத்திரையோ எடுக்கிறவங்களுக்குச் சர்க்கரை திடீர்னு 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடன்னு வரும். அந்த நேரத்தில் கொய்யாவை நறுக்கிக்கிட்டு உட்கார்ந்துடாதீங்க. அப்ப வேகமா ஏறணும். மூணு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணியில் கரைச்சுக் குடிக்கணும். அரை டம்ளர் ஜூஸும் ஆகும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். ஆள் மயங்கிட்டா வாயில் எதையும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க.

பிள்ளைங்க விஷயத்துக்கு வர்றேன். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரில் ஒருத்தர். இவங்களில் பலருக்கும் இனிப்புப் பழக்கம் சின்ன வயசில் வந்ததுதான். 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எத்தனை கிராம்னு பிள்ளைங்க கண்ணில் படற மாதிரி எழுதி வைக்கிற பலகை. அதை வீட்டு அடுப்படியிலும் செய்யலாம், காசு ஆகாது.

பாக்கெட்டின் பின்பக்கம் ஊட்டச்சத்துப் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்குது. இது எனக்கும் வருத்தம்தான். அதனால பள்ளிக்கூடம் போற பிள்ளையைக் கூப்பிட்டு ரெண்டு வரியைப் படிக்கச் சொல்லுங்க. 'டோட்டல் சுகர்ஸ்'னு ஒரு வரி, மொத்தச் சர்க்கரை. அதுக்குக் கீழே 'ஆடட் சுகர்ஸ்', சேர்த்த சர்க்கரை. நமக்கு வேண்டியது ரெண்டாவது வரி. எண்ணைப் பார்த்ததும் நிம்மதி ஆயிடாதீங்க. அது 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ போட்டது. 100 மில்லிக்கு 12 கிராம்னு இருந்து, பாக்கெட் 200 மில்லின்னா, 24 கிராம். அதை நாலால் வகுத்தா ஆறு ஸ்பூன். பிள்ளை கையாலேயே ஆறு ஸ்பூன் சர்க்கரையை ஒரு தட்டில் அள்ளி வைக்கச் சொல்லுங்க, ஒரு தடவை போதும். பழச்சாறைப் பொறுத்தவரை மட்டும் மேல் வரியையும் பாருங்க. அதில் இருக்கிறது சேர்த்தது இல்லைன்னு போட்டிருந்தாலும், நான் முன்னே சொன்ன அந்த இரண்டாவது பக்கம்தான்.

அப்புறம், என்னென்ன சேர்த்திருக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும். அளவில் அதிகமானது முதலில் வரும். சர்க்கரைன்னு பேர் இல்லாமலும் சர்க்கரை வரும்: லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப், பழச்சாறு செறிவு. இந்தப் பேர்களை அச்சடிச்ச தாள் வாசலில் மேசையில் இருக்குது, ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நாளில் விடச் சொல்லலைங்க. விட்டவங்க மூணாம் நாள் திரும்பி வந்துடறாங்க. ரெண்டு ஸ்பூனை ஒன்றரை ஆக்குங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு. நாக்கு பழகிரும். எங்க பெரியம்மா இப்ப அரை ஸ்பூனில் நிக்கறாங்க. பப்பாளி பக்கத்து வீட்டுக்குப் போறது நின்னுபோச்சு.

இந்த வருஷம் இன்னும் ரத்தம் கொடுத்துப் பார்க்காதவங்க இன்னைக்குப் பார்த்துடுங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறவங்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருது. பேர் சேர்க்காதவங்க சுகாதாரத் தன்னார்வலர் அக்காகிட்ட சொல்லுங்க. சந்தேகம் இருந்தா 104-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம். வெளியில் செவிலியர்கள் காத்திருக்காங்க. வெறும் வயிற்றில் வந்தவங்க முதலில் போங்க. வரும் வழியில் டீ குடிச்சவங்க அதை மறைக்காமச் சொல்லிடுங்க. சொன்னாத்தான் எண்ணுக்கு அர்த்தம் புரியும்.