இடாப்பு ஆண்டும் பஞ்சாங்க ஆண்டும்



2024 தொடக்கத்தில், பேரனைப் பாடசாலையிற் சேர்க்க வந்த மூதாட்டி ஒருவர், பிறப்புச் சான்றிதழ் கைவசம் இல்லாமையால், "விளம்பி வருஷம் மாசியிலை பிறந்தவன், ஐயா" என்றார். விளம்பி என்றால் 2018 என்று இடாப்பில் எழுதிவிட்டேன். பெரும்பிழை! விளம்பி 2018 ஏப்ரலிற் பிறந்து 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன் மாசி 2019 பெப்ரவரி நடுவிலேயே தொடங்கியது. சான்றிதழ் பின்னர் வந்திராவிடில், ஐந்து வயது நிரம்பாத பிள்ளையை முதலாந்தரத்தில் இருத்தியிருப்பேன்.

தொடக்கம் மட்டுமன்று, நீளமும் வேறு. வழக்கிலுள்ள கிறெகோரியன் ஆண்டு பருவங்களைத் தழுவியது. 365 நாள், நெட்டாண்டில் 366. நூற்றாண்டு முடிவுகளில் 400 ஆல் வகுபடுவனவே நெட்டாண்டுகள். ஆதலின் 1900 நெட்டாண்டன்று, 2000 நெட்டாண்டு. நமது பஞ்சாங்க ஆண்டோ ஞாயிறு அதே விண்மீனிடம் மீளும் காலம். பருவ ஆண்டிலும் இருபது நிமிடத்துக்குச் சற்று மிகை, அவ்வளவுதான். ஆயினும் அறுபது, எழுபது ஆண்டுகளில் அதுவே ஒரு நாளாகிவிடும். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன், இரவும் பகலும் ஒத்த மார்ச் நாளை ஒட்டியிருந்த சித்திரைப் பிறப்பு, இன்று ஏப்ரல் 14 ஐ அண்டி நிற்பது இதனாலேயே.

இப்பொழுது எவரேனும் தமிழ் மாதம் சொன்னால், பேனாவுக்கு முன் பஞ்சாங்கத்தையே எடுக்கின்றேன்.